மீட்டரில் ஒரு கணக்கு, பில்லில் ஒரு கணக்கு: ஏன் இந்த வித்தியாசம்?



கொழுந்து நிறுவை பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லித்தரத் தேவையில்லை. மலையில் நிறுக்கும்போது ஒரு கணக்கு. சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்த பிறகு ஒரு கணக்கு. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் ஒரு கணக்கு. மூன்றும் ஒன்றாக இருக்காது. அதில் எந்தக் கழிவு நியாயமானது, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் கரண்ட் பில் என்று வந்துவிட்டால் இந்தத் தெளிவு போய்விடுகிறது. சிலர் "மீட்டர் சும்மா ஓடுது, எல்லாம் களவு" என்று கோபப்படுகிறார்கள். சிலர் "அவங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் நமக்கு நட்டம். வித்தியாசம் ஏன் வந்தது என்று தெரிந்தவர்தான் எங்கே பொறுமையாக இருப்பது, எங்கே முறைப்பாடு செய்வது என்று முடிவு செய்ய முடியும்.

இப்போது இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. முன்பு சுவரில் இருக்கும் மீட்டரும் கையில் வரும் பில்லும் மட்டும்தான். இன்று ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் கைத்தொலைபேசியிலும் ஒரு கணக்கு வருகிறது. கூரையில் சூரிய மின்தகடு போட்டவர்களுக்கு நான்காவதாக இன்னொரு கணக்கு. எதை நம்புவது?

இந்தக் கட்டுரையில் நாம் இரண்டு இடங்களைப் பார்ப்போம். ஒன்று நம் லயம். மற்றது மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வடக்கு கிழக்குக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அங்கே வேலைக்குப் போனவர்களும் கலியாணம் கட்டிப் போன பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டுக் கணக்கும் நம் கணக்குத்தான்.

1. மீட்டர் எதை எண்ணுகிறது?

1000 வாட் சக்தியுள்ள ஒரு சாமான் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் அது ஒரு அலகு. யூனிட் என்றும் சொல்கிறோம். 10 வாட் பல்பு 100 மணித்தியாலம் எரிந்தாலும் அதே ஒரு அலகுதான்.

மீட்டரில் தெரியும் பெரிய எண், அது பொருத்திய நாளிலிருந்து இன்றுவரை ஓடிய மொத்தக் கணக்கு. மாதம் முடிந்தால் அது பூச்சியத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்தால் வருவதே இந்த மாதப் பாவனை. பில்லில் இந்த இரண்டு எண்களும் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இவைதான், ரூபாய்க் கணக்கு பிறகு.

பழைய மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுழலும். புதிய மீட்டரில் தட்டு இல்லை, ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். ஸ்மார்ட் மீட்டர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 15 நிமிடத்துக்கு ஒரு முறையோ 30 நிமிடத்துக்கு ஒரு முறையோ எவ்வளவு ஓடியது என்று தன் நினைவில் எழுதிக்கொண்டு, தொலைபேசி அலை வழியாகவோ வேறு வழியாகவோ அலுவலகத்துக்கு அனுப்புகிறது. 15 நிமிடக் கணக்கென்றால் ஒரு நாளைக்கு 96 எண்கள்.

எந்த மீட்டரும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. வீட்டு மீட்டர்களுக்கு உலக அளவில் ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். முதலாம் வகுப்பு மீட்டர் என்றால் நூற்றுக்கு 1 கூடலாம் அல்லது குறையலாம். இரண்டாம் வகுப்பு என்றால் நூற்றுக்கு 2. 60 அலகு பாவிக்கும் வீட்டில் இது ஒரு அலகு அளவுதான். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

2. நாட்கள் ஒன்றா என்று பாருங்கள்

களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்த மருமகள் கைத்தொலைபேசியைப் பார்க்கிறாள். மார்ச் மாதம் 58 அலகு என்கிறது. கையில் உள்ள பில்லில் 62 அலகு. "என்ன புள்ள, போனில ஒரு கணக்கு, துண்டில ஒரு கணக்கு?" என்று மாமி கேட்கிறார்.

இங்கே யாரும் களவு செய்யவில்லை. தொலைபேசி மார்ச் 1 முதல் 31 வரை 31 நாட்களை எண்ணியது. மீட்டர் பார்ப்பவர் மார்ச் 5ஆம் திகதி வந்து, மறுபடி ஏப்ரல் 7ஆம் திகதி வந்தார். அது 33 நாள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.9 அலகு என்றால் 2 நாளைக்கு 4 அலகு. கணக்கு சரியாகிவிட்டது.

இந்த நாள் கணக்கு சின்ன விசயம் போலத் தெரியும், ஆனால் நம் பணம் இதில்தான் இருக்கிறது. 2025இல் நடைமுறையில் இருந்த வீட்டுப் பாவனைக் கட்டண முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்கு ஒரு குறைந்த விலை, அடுத்த 30க்கு இன்னொரு விலை. 60ஐத் தாண்டிவிட்டால் கூடிய விலை தாண்டிய அலகுக்கு மட்டும் அல்ல. முதல் அலகிலிருந்தே கூடிய விலை. மாதாந்த நிலைக்கட்டணமும் ஏறும். 60க்கும் 61க்கும் இடையில் ஒரு அலகுதான், ஆனால் பில்லில் பெரிய மேடு.

களுவாஞ்சிக்குடி வீட்டில் 62 என்று வந்ததே, மேடு ஏறிவிட்டதா? இல்லை. 60 என்பது 30 நாளைக்கு உரிய எல்லை. 33 நாள் என்றால் எல்லையும் நாளைக்கு 2 அலகு வீதம் கூடி 66 ஆகிறது. 62 அதற்குள்தான். ஆகவே பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்பதை எப்போதும் பாருங்கள். 33 நாள் ஓடிய கணக்கை 30 நாள் என்று போட்டிருந்தால், அது கேட்டுத் திருத்த வேண்டிய பிழை.

விலைகள் 2022 ஓகஸ்ட் முதல் பல தடவை ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. அதனால் இங்கே ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. இந்த மாத விலையை உங்கள் பில்லில் பாருங்கள்.

3. வாசித்த எண்ணா, மதிப்பீட்டு எண்ணா?

கதவு பூட்டியிருந்தது, மழை, பாதை உடைந்தது, மீட்டர் பார்ப்பவர் வரவில்லை. இப்படியான மாதத்தில் பழைய பாவனையை வைத்து உத்தேசமாக ஒரு எண்ணைப் போடுவதுண்டு. இதை மதிப்பீட்டு வாசிப்பு என்பார்கள்.

ஒரு குடும்பம் மாதம் 55 அலகு பாவிக்கிறது. முதல் மாதம் உத்தேசமாக 45 என்று போட்டார்கள். பில் குறைந்ததே என்று வீட்டில் சந்தோசம். அடுத்த மாதம் உண்மையான எண்ணை வாசித்தபோது விடுபட்ட 10 அலகும் சேர்ந்து 65 என்று வந்தது. குடும்பம் ஒரு பல்பைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை, ஆனால் 60 என்ற மேட்டில் ஏறிவிட்டது.

உண்மையில் 60 நாளில் 110 அலகு. 60 நாளைக்கு எல்லை 120. இரண்டு மாதத்தையும் சேர்த்து, நாட்களைப் பிரித்துக் கணக்குப் பார்த்துத் தரும்படி கேட்கலாம். முதல் மாதம் குறைவாக வந்தபோதே மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. குறைந்த பில்லையும் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் மதிப்பீடு ஒழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை, முழுதும் உண்மையல்ல. அலை கிடைக்காவிட்டால் மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும், ஆனால் கணக்கு அலுவலகத்துக்குப் போகாது. நம் உறவுகள் பலர் வாழும் பிரித்தானியாவில் 2023 முடிவில் சுமார் 40 இலட்சம் ஸ்மார்ட் மீட்டர்கள் ஒழுங்காகத் தகவல் அனுப்பாத நிலையில் இருந்ததாக அந்நாட்டு அரசே கணக்குக் காட்டியது. அங்கேயே அப்படி என்றால், மலை மறைவில் இருக்கும் நம் லயங்களை யோசித்துப் பாருங்கள்.

4. நேரக் கணக்கில் வரும் வித்தியாசம்

தொலைபேசியில் வரும் நாள் கணக்கைப் பார்த்து, "நேத்து நாங்க வீட்டிலேயே இல்ல, எப்படி இவ்வளவு ஓடிச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் கடிகாரம்.

கணினிகள் பல, உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கின்றன. இலங்கை நேரம் அதைவிட 5½ மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடியற்காலை 5.30. அதை நம் நேரத்துக்கு மாற்றாமல் காட்டினால், தொலைபேசியில் தெரியும் ஒரு நாள் காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடியும். பெரட்டுக்குப் போகுமுன் காலை 5 மணிக்கு தேத்தண்ணி கொதிக்க வைத்த கரண்ட், முதல் நாள் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 1996இல் நம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளினார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை இப்போதைய நேரத்தைவிட அரை மணித்தியாலம் முன்னால் இருந்தோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்வந்த களுவாஞ்சிக்குடிப் பெரியவர்களுக்குப் "புது நேரம், பழைய நேரம்" என்று கேட்டுக் கேட்டு நடந்தது நினைவிருக்கும். ஒரு கணினியில் அந்தப் பழைய ஏற்பாடு மாறாமல் இருந்தால் இன்றும் அரை மணித்தியாலம் தள்ளித்தான் காட்டும்.

சாதாரண பில்லுக்கு இதனால் பாதிப்பு இல்லை. நாள் தள்ளிப்போனாலும் மொத்தம் மாறாது. ஆனால் நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையில் இருப்பவர்களுக்கு விசயம் வேறு. அந்த முறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், விலை கூட. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு. கடிகாரம் அரை மணித்தியாலம் தப்பினால் அவர்களுக்குப் பணமும் தப்பும்.

5. சில்லறை விடுபடுவதும் இடையில் அறுந்துபோவதும்

நிறுவையில் ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோவைத் தட்டிவிட்டால் மாதக் கடைசியில் எவ்வளவு போகும் என்று நமக்குத் தெரியும். தொலைபேசிக் கணக்கிலும் இப்படிச் சில்லறை விடுபடும். ஒரு பிரிஜ்ஜும் சிறு விளக்கும் அரை மணித்தியாலத்தில் 0.04 அலகு எடுக்கிறது என்று வையுங்கள். திரையில் ஒரு தசமம்தான் காட்டும் என்றால் அது 0.0 என்று தெரியும். நாளெல்லாம் 48 தடவை 0.0. கூட்டினால் ஒன்றுமில்லை. உண்மையில் ஓடியது 1.92 அலகு. மீட்டர் அதை விடாமல் எண்ணியிருக்கும், திரைதான் காட்டவில்லை.

மின்வெட்டு நேரத்தில் கரண்ட் ஓடாது, மீட்டரும் ஓடாது. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனது. இப்படியான நாட்களில் ஸ்மார்ட் மீட்டர் அனுப்பும் கணக்கில் ஓட்டை விழலாம். அந்த ஓட்டையைக் கணினி உத்தேசமாக நிரப்புவதும் உண்டு. "கரண்டே இல்லாத நேரத்துல பாவிச்சதாக் காட்டுது" என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆகவே ஒரு விதியை மனதில் வையுங்கள். தொலைபேசியில் தெரிவது தகவல். சுவரில் உள்ள மொத்த எண்தான் முதல் சாட்சி. இரண்டும் முரண்பட்டால் சுவரில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்.

6. கூரையில் சூரிய மின்சாரம் உள்ள வீடு

2016இல் அரசு சூரிய பல சங்கிராமய திட்டத்தைத் தொடங்கிய பின், வெயில் நன்றாக விழும் கிழக்குக் கரையிலும் கூரைத் தகடுகள் பெருகின. இந்த வீடுகளில் அதிகம் வரும் குழப்பம் இதுதான்: "இன்வர்ட்டர் 300 அலகு உற்பத்தி என்று காட்டுது, சபை 220 அலகுக்குத்தான் கணக்குத் தருது. மீதி 80 எங்கே?"

அந்த 80 அலகை வீட்டுக்காரரே பாவித்துவிட்டார். பகலில் தகடு தரும் கரண்ட் முதலில் வீட்டு ஃபேனுக்கும் பிரிஜ்ஜுக்கும் கிணற்று மோட்டாருக்கும் போகிறது. மிஞ்சியதுதான் மீட்டரைத் தாண்டி வெளியே போகிறது. மீட்டர் வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணுவாரே தவிர, வீட்டுக்குள்ளே சமைத்து உண்டதை எண்ண மாட்டார்.

இப்படியான மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். 1.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் வெளியிலிருந்து வாங்கிய மொத்தம். 2.8.0 என்பது நீங்கள் வெளியே கொடுத்த மொத்தம். வாங்கியது 120, கொடுத்தது 220, உற்பத்தி 300 என்றால், வீட்டுப் பாவனை 120ஐயும் 80ஐயும் கூட்டி 200 அலகு.

கரண்ட் போனால் பற்றரி இல்லாத சூரிய அமைப்பும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஆபத்து வராமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் மின்பாவனை குறைந்ததால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொண்டது. நிறுத்தியவர்களுக்கு அந்த மாத உற்பத்தி குறைந்தது மீட்டரின் பிழை அல்ல.

7. லயத்தில் ஒரே மீட்டர், பல குடும்பம்

இது நம் தோட்டங்களுக்கே உரிய பிரச்சினை. சில லயங்களில் இன்னும் ஒரே இணைப்பிலிருந்து பல காம்பராக்களுக்குக் கம்பி போகிறது. சில இடங்களில் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு சின்ன உப மீட்டர் இருக்கும்.

பிரதான மீட்டரில் 250 அலகு ஓடியிருக்கும். உப மீட்டர்களைக் கூட்டினால் 235தான் வரும். மீதி 15 எங்கே போனது? பொது விளக்கு ஒன்று, கம்பியில் சூடாக வீணாகும் கொஞ்சம், பழைய உப மீட்டர் மெதுவாக ஓடுவது, அல்லது உப மீட்டருக்கு முன்பே யாரோ கம்பி இழுத்திருப்பது. சண்டை பிடிக்குமுன் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அலகு சரியாக வந்தாலும் ரூபாய் சரியாக வராது. அதுதான் பெரிய நட்டம். 5 குடும்பம், குடும்பத்துக்கு 50 அலகு என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு இருந்தால் ஐந்து வீடும் 60க்குள் நின்று குறைந்த விலை கட்டும். ஒரே மீட்டர் என்பதால் சபையின் கண்ணுக்கு அது 250 அலகு பாவிக்கும் ஒரு பெரிய வீடு. அலகு கூடக் கூட விலையும் கூடும் முறையில், சிக்கனமாக வாழும் ஐந்து ஏழைக் குடும்பங்கள் வசதியான வீட்டுக்குரிய விலையைப் பங்கு போட்டுக் கட்டுகின்றன.

இதற்கு மருந்து தனி இணைப்பு. அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் முதலான பத்திரங்கள் கேட்கப்படலாம். தனியாக அலைவதைவிட, லயத்தில் உள்ள எல்லாரும் கையெழுத்திட்டு, கிராம அலுவலர் மூலமோ தொழிற்சங்கத் தலைவர் மூலமோ சேர்ந்து கேட்பது நல்லது.

8. மீட்டரே பிழையாக இருக்க முடியாதா?

முடியும். ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பேக்கர்ஸ்பீல்ட் பகுதியில் 2009இல் ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு பில் ஏறிவிட்டது என்று பெரிய கொந்தளிப்பு. மாநில ஆணைக்குழு வெளியார் ஒருவரை வைத்து 750க்கு மேற்பட்ட மீட்டர்களைச் சோதித்தது. 2010 செப்டம்பரில் வந்த முடிவு, மீட்டர்கள் பொதுவாகச் சரியாகவே எண்ணின என்பது. அந்தக் கோடையின் கடும் வெயிலும் விலை ஏற்றமும்தான் முக்கிய காரணம். ஆனால் மக்களின் கேள்விக்கு நிறுவனம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 9 மின்னணு மீட்டர்களைச் சோதித்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிச்சோடு சேர்த்து எல்ஈடி, சிக்கன பல்புகளை எரித்தபோது 5 மீட்டர்கள் மிகக் கூடுதலாகக் காட்டின. மிக மோசமானது 582 சதவீதம் கூட. இரண்டு மீட்டர்கள் சுமார் 30 சதவீதம் குறைவாகக் காட்டின. அது ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிய கடினமான நிலைமை. எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் "புது மீட்டர் பிழை விடவே விடாது" என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

9. வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனை

முதல் சோதனை: மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். வீட்டில் ஒன்றும் ஓடாது. பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், அல்லது தட்டு சுற்றிக்கொண்டே இருந்தால், மெயின் சுவிச்சுக்கு முன்னால் வேறு கம்பி போகிறது அல்லது மீட்டரில் கோளாறு. நின்றுவிட்டால் மெயினைப் போட்டு, எல்லாச் சாமானையும் செருகியிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது மின்னினால் வீட்டுக் கம்பியில் கசிவு இருக்கலாம். களுவாஞ்சிக்குடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஊரில் உப்புக் காற்று இணைப்புகளைக் கறள் பிடிக்க வைக்கும். மலையில் ஈரம் அதே வேலையைச் செய்யும். கசிவு பணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. தகுதியுள்ள மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் சோதனை: மீட்டரின் முகத்தில் ஒரு அலகுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். 1600 என்று வைப்போம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 1500 வாட் மின்கேத்தல் ஒன்றைத் தண்ணீரோடு போடுங்கள். ஒரு நிமிடத்தில் 40 தடவை மின்ன வேண்டும்.

முப்பத்தைந்தோ முப்பத்திரண்டோ வந்தால் பதற வேண்டாம். கேத்தலில் எழுதியிருப்பது 230 வோல்ட் கிடைத்தால் எடுக்கும் சக்தி. கம்பியின் கடைசி வீட்டில் மாலை நேரம் 207 வோல்ட்தான் வருகிறது என்றால் கேத்தல் எடுப்பது 81 சதவீதம்தான். அப்போது 32 தடவை மின்னுவதே சரி. தண்ணீர் கொதிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஆனால் 60, 70 என்று மின்னினால், அதை எழுதி வைத்து முறைப்பாடு செய்யக் காரணம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மீட்டரின் முத்திரையை உடைக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கை வைப்பது சட்டப்படி குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் முத்திரை உடைந்திருந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

10. ஒரு கொப்பியும் ஒரு பேனையும்

செக்ரோலில் பேர் விழுந்ததா என்று பார்க்க வீட்டில் நாட்கணக்கு எழுதி வைப்பவர்கள் நம்மில் உண்டு. அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும். பிள்ளையின் பழைய கொப்பி போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணை எழுதுங்கள். திகதி, நேரம், எண், போன வாரத்திலிருந்து எவ்வளவு கூடியது என்று நான்கு நிரல். மீட்டர் பார்ப்பவர் வந்த நாளையும் எழுதுங்கள். பில் வந்தவுடன் அந்தத் திகதிக்குக் கிட்டிய எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இப்போது பல இடங்களில் பில் குறுஞ்செய்தியாக வருகிறது. அதை அழித்துவிடாமல் எண்ணைக் கொப்பியில் ஏற்றுங்கள்.

இதில் இன்னொரு இலாபம். 15ஆம் நாளிலேயே 34 அலகு ஓடிவிட்டது என்று தெரிந்தால், 60ஐத் தாண்டுமுன் கையைக் கட்டிக்கொள்ளலாம். மாதம் முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

11. முறைப்பாடு செய்வது எப்படி?

1969இல் உருவான இலங்கை மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழி செய்தது. அதனால் பில்லின் தலைப்பில் உள்ள பெயர் மாறியிருக்கலாம். கொழும்புப் பக்கம் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலருக்கு லெகோ நிறுவனம் கரண்ட் தருகிறது. எதுவாக இருந்தாலும் பில்லில் அச்சிட்டுள்ள பிரதேச அலுவலகமே முதல் படி.

கடிதத்தில் கணக்கு எண், மீட்டர் எண், கொப்பியில் உள்ள வாசிப்புகள், மீட்டரின் படம், என்ன திருத்தம் வேண்டும் என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். "பில் கூட" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. "33 நாளை 30 நாளாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றோ, "மதிப்பீட்டு மாதத்தையும் சேர்த்துப் பிரித்துத் தாருங்கள்" என்றோ, "மீட்டரைச் சோதியுங்கள்" என்றோ குறிப்பாகக் கேளுங்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே விசாரியுங்கள். பிரதியை வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள்.

தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி.

முறைப்பாடு கொடுத்துவிட்டோம் என்று பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள், இணைப்பை வெட்டும் ஆபத்து உண்டு. முடிவு வரும்வரை எவ்வளவு கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு, கட்டிய பற்றுச்சீட்டைக் கொப்பியோடு வையுங்கள். அலுவலகம் தந்த பதிலில் திருப்தி இல்லை என்றால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2002ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்த ஆணைக்குழு மின்பாவனையாளரின் முறைப்பாடுகளையும் கவனிக்கிறது.

அயல் நாட்டிலும் இந்தப் பிரச்சினைக்கு வழி கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2024 பெப்ரவரியில் வந்த விதிப்படி, மீட்டர் கூடக் காட்டுகிறது என்று பாவனையாளர் முறையிட்டால், 5 நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிறுவையில் சந்தேகம் என்றால் இன்னொரு தராசில் வைத்துப் பார்ப்பதுபோல. நம் சங்கங்களும் இங்கே இப்படி ஒரு விதி வேண்டும் என்று கேட்கலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

பில்லில் முதலில் எண்ணையும் நாளையும் பாருங்கள், பிறகு ரூபாயை. தொலைபேசிக் கணக்கும் சுவர் மீட்டரும் முரண்பட்டால் சுவர் மீட்டரை எழுதுங்கள். குறைந்த பில் வந்தாலும் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் மெயினை நிறுத்திப் பாருங்கள், முத்திரையைத் தொடாதீர்கள். மீட்டர் பார்க்க வருபவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான், அவரோடு சண்டை பிடிப்பதால் கணக்கு மாறாது. கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே கொப்பியில் முதல் எண்ணை எழுதித் தொடங்குங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கூட்டல் கழித்தல் பழக்கமும் வரும், வீட்டுக் காசு எங்கே போகிறது என்பதும் விளங்கும்.